எட்வின் அனுப்பிய கொரோலாக்கள்

கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஆட்கள் வெளியே வரும் வாசலில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நல்ல பிற்பகல் வெயில். பக்கத்தில் நின்ற குடும்பம் பூமாலை, கேக், பலூன் எல்லாம் கொண்டுவந்திருந்தது. என் கையில் கார்த் திறப்பு மட்டும் இருந்தது.

என் கணவர் எட்வின் என்னைக் கடந்து போய்விட்டார். நான் கவனிக்கவில்லை.

"ஜெசி."

முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டுத்தான் திரும்பினேன். அந்தக் குரலை எந்தச் சந்தை இரைச்சலிலும் அடையாளம் கண்டுகொள்வேன். ஆளைத்தான் அடையாளம் தெரியவில்லை.

போனில் அவருடைய முகத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். முகம் மட்டும்தான். தோளுக்குக் கீழே இருந்த மனிதரை இருபது வருடங்களுக்கு மேலாக நான் காணவில்லை. ஆள் வற்றிப்போயிருந்தார். இடது காலை இழுத்து இழுத்து நடந்தார். அப்படி ஒரு கால் தனக்கு இருப்பதாக அவர் எனக்குச் சொன்னதேயில்லை. எனக்குப் பழக்கமில்லாத ஒரு சவர்க்கார வாசம் அவரிடமிருந்து வந்தது.

கார் நின்ற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பொனட்டைத் தொட்டார். பிறகு பின்கதவைத் திறந்து, வாடகை ஹயருக்கு வந்த பயணியைப் போலப் பின்சீற்றில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் காரை ஜப்பானிலிருந்து எனக்கு அனுப்பியவரே அவர்தான்.

காலையில் இருமிய கார்

நான் கலியாணம் முடித்து வரும்போதே எட்வினிடம் ஒரு கார் இருந்தது. கொரோலா டீஎக்ஸ் வேகன். பெட்டி போல நாலு மூலையும் கூரான உடம்பு, மணல் நிறம், பின்சில்லுக்கு மேலே லொறியில் இருப்பது போன்ற தகட்டு ஸ்பிரிங். எதை ஏற்றினாலும் முனகாமல் சுமக்கும்.

திருகோணமலையில் மூதூர் லோஞ்ச், குடாவைக் கடக்கும் இயந்திரப் படகு, வந்து சேரும் துறைக்குப் பக்கத்தில் அதை நிறுத்திவைத்து ஹயர் ஓடினார். நெல் மூட்டையோடு இறங்குபவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகும் கர்ப்பிணிகள், பொம்பிளை பார்க்க வந்த கோஷ்டிகள், ஒரு தடவை இரண்டு ஆடுகள். ஆட்டு வாடை போக ஒரு மாதம் எடுத்தது.

ஸ்ரேரிங்குக்குப் பக்கத்தில் 'சோக்' என்று ஒரு குமிழ் இருந்தது. காலையில் அதை இழுத்தால்தான் குளிர்ந்த இஞ்சின் எழும்பும். கூட இழுத்தால் மூச்சு முட்டும். குறைய இழுத்தால் இருமிக்கொண்டு நின்றுவிடும். எட்வின் காதைச் சரித்துக்கொண்டு குமிழை நூலளவு உள்ளே தள்ளுவார். இருமல் மெல்ல மெல்ல ஒரு சீரான மூச்சாக மாறும். லிங்கநகரில் எங்கள் வீட்டில் நான் கண் விழித்தது அந்தச் சத்தத்தில்தான்.

(போன வாரம் இந்தப் பத்தியில் மூதூர் லோஞ்சைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு நஸீமா ரீச்சர் போன் எடுத்தார். பட்டணத்திலிருந்து என்னோடு மூதூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்க வருபவர் அவர். "லோஞ்சுல வாந்தி எடுத்தது நானில்ல ரீச்சர், நீங்கதான். திருத்தி எழுதுங்க" என்றார். திருத்திவிட்டேன்.)

சண்டை இறுகியபோது ஹயர் குறைந்தது. சோதனைச் சாவடிக்குச் சாவடி சீற்றைக் கழற்று, டிக்கியைத் திற, சில்லைக் கழற்று என்றார்கள். ஒரு நாள் எட்வினை விசாரணைக்கென்று கூட்டிப்போய் மறுநாள் விட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் குளித்துவிட்டுக் குசினி வாசலில் வந்து நின்றார்.

"ஜெசி, இஞ்ச இனி என்னால ஏலாது."

"எங்க போறது?"

"ஜப்பானுக்கு ஒரு வழி இருக்காம். ரெண்டு வருசம். அதுக்குள்ள எல்லாம் சரிவந்திடும்."

வேகனைக் கிண்ணியாவைச் சேர்ந்த மீன் வியாபாரி ஒருவருக்கு விற்றார். கொடுக்கும் நாள் காலையில் அதைக் கழுவித் துடைத்தார். வியாபாரியை உள்ளே இருத்தி, "காலமையில இதை முக்கால்வாசி இழுங்கோ. முழுக்க இழுத்துப் போடாதேங்கோ" என்று இரண்டு தடவை சொல்லிக்கொடுத்தார். மகள் மெரின் அப்போது முதலாம் வகுப்பு. கார் மூலை திரும்பியதும் அவள்தான் அழுதாள். அப்பா போனபோது அவள் நித்திரை.

அல்லிவட்டம்

அவருக்கு வேலை கிடைத்தது ஒரு பழைய வாகன முற்றத்தில். விபத்தில் நசுங்கியவை, வயது போனவை, ஏற்றுமதிக்கு நிற்பவை எல்லாம் அங்கே வந்து சேரும். உதிரிப்பாகங்களைக் கழற்றுவது அவருடைய வேலை. குறுகிய கால விசாவில் போனவர் அது முடிந்தபிறகும் நின்றுவிட்டார். வெளியே வந்தால் திரும்பப் போக ஏலாது. இரண்டு வருடம் ஐந்தாகி, ஐந்து பத்தானது அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் நானும் மகளும் பட்டணத்துத் தொலைபேசிக் கடையில் போய்க் காத்திருப்போம். அழைப்பு வரும். முதலில் சுகம் விசாரிப்பார். பிறகு காருக்குத் தாவிவிடுவார்.

"இண்டைக்கு ஆர் வந்தது தெரியுமோ? எங்கட டீஎக்ஸ்! அதே நிறம். சோக் குமிழைத் தொட்டுப் பாத்தனான்."

கொரோலாவின் வம்சக் கதை முழுவதையும் நான் தொலைபேசி வழியாகத்தான் கேட்டேன். முதலில் பிறந்தது சின்னஞ்சிறியதாம், பொம்மை மாதிரி. பிறகு பெட்டியானது. அதுவரை பின்சில்லு தள்ளிக்கொண்டு போனதை முன்சில்லு இழுத்துக்கொண்டு போகும்படி மாற்றினார்கள். கதவு மூலைகள் தேய்ந்த சவர்க்காரக் கட்டி போல உருண்டன. சோக் குமிழ் இல்லாமலே போனது. பிறகு உடம்பு உயர்ந்து, நிமிர்ந்து உட்கார்ந்தது. பெயருக்குப் பின்னால் இன்னொரு பெயரும் ஒட்டிக்கொண்டது.

"பேர் மட்டும் அதே பேர்தான், ஜெசி. அண்டைக்கிருந்து இண்டைக்கு மட்டும்."

நான் விஞ்ஞானம் படிப்பிப்பவள். கொரோலா என்றால் பூவின் இதழ்கள் சேர்ந்த வட்டம். எங்கள் பாடப் புத்தகத்தில் அதற்கு அல்லிவட்டம் என்று பெயர். இதைச் சொன்னபோது மறுமுனையில் பெரிதாகச் சிரித்தார். அடுத்த வாரம், "அல்லிவட்டம் கொஞ்சம் இண்டைக்கு நசுங்கி வந்தது" என்று கதையைத் தொடங்கினார்.

விற்ற வேகனை நான் கிண்ணியாவில் அவ்வப்போது கண்டேன். பின்னால் மீன் பெட்டிகளும் ஐஸ் தண்ணீரும். ஒரு தடவை பக்கத்தில் போய் நின்று கதவில் கை வைத்தேன். கடைக்காரர்கள் பார்க்கிறார்கள் என்று கையை எடுத்துக்கொண்டேன். அந்த ஞாயிறு எட்வினிடம் சொன்னேன்.

"எங்கட கார் மீன் மணக்குது."

"ஓடுதுதானே?" என்றார்.

முதலாவது கார்

சண்டை முடிகிற காலத்தை ஒட்டி முதலாவது கார் வந்தது. அவர் வேலை செய்த முற்றத்தின் முதலாளி இலங்கைக்கும் வாகனம் அனுப்புபவர். அவர் மூலமாக ஒரு வெள்ளிநிறக் கொரோலா. இங்கே எல்லோரும் அதை '121' என்றுதான் சொல்வார்கள். உலகம் புகழும் துறைமுகத்தின் கரையிலே குடியிருக்கிறோம், காரை எடுக்கக் கொழும்புக்குப் போகவேண்டியிருந்தது.

"ஒரு டிரைவரைப் பிடிக்கட்டோ?" என்று கேட்டேன்.

"வேண்டாம். நீர்தான் ஓட்டோணும்."

"எனக்குச் சைக்கிளே சரியா ஓடத் தெரியாது."

"கியர் போடத் தேவையில்லை. அது தானாப் பாத்துக்கொள்ளும். நீர் ரோட்டைப் பாத்தால் சரி."

நாற்பது வயதில் கார் பழகினேன். ஓர்ஸ்ஹில் ஏற்றத்தில் பின்னால் உருண்டேன். எங்கள் பட்டணத்துத் தெருக்களில் திரியும் மான்களில் ஒன்று, நடுவழியில் நின்று, நான் ஹோர்ன் அடித்தும் அசையாமல் என்னையே பார்த்தது. ஊரறிய அதற்கு வழிவிட்டுக் காத்திருந்தேன்.

கிண்ணியாப் பாலம் திறந்ததும் லோஞ்சை விட்டோம். நஸீமா ரீச்சர்தான் என் முதல் பயணி. சீனக்குடா, கிண்ணியா, கங்கைப் பாலம், மூதூர். வழி முழுக்க ஓதிக்கொண்டே வந்தார். பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது, "நல்லாத்தான் ஓட்டுறீங்க ரீச்சர். நாளைக்கும் ஓதுறன்" என்றார்.

கையில் போன் வந்திருந்த காலம். எட்வின் தினமும் எடுத்தார். "இஞ்சினை ஸ்ரார்ட் பண்ணிப்போட்டு போனைக் கிட்டப் பிடியும்" என்பார். பிடிப்பேன். கேட்டுக்கொண்டிருப்பார். "பெல்ற் கத்துது, மாத்தும்" என்பார் சில நாள். அநேகமான நாட்களில் ஒன்றும் சொல்லமாட்டார், அணைக்கவும் விடமாட்டார்.

"எட்வின், பெற்றோல் எரியுது."

"இன்னும் கொஞ்சம் விடும்."

ஊரில் கதை இல்லாமல் இருக்குமா? அங்கே அவருக்கு ஒரு குடும்பம் இருக்கிறதாம், அதுதான் கார் அனுப்பி வாயடைக்கிறாராம். கோயில் வாசலில் என் காதுபடவே சொன்னார்கள். நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டு, அவர் ஒரு கணம் தாமதித்துப் பதில் சொன்னால், அந்தத் தாமதத்தை வைத்துக்கொண்டு நான் எத்தனை நாள் முழித்திருப்பேன்?

சத்தமில்லாத கார்

மெரினின் கலியாணத்துக்கு இரண்டாவது கார் வந்தது. ஆக்சியோ என்ற பெயர் சேர்ந்த கொரோலா, ஹைபிரிட், முத்து வெள்ளை. 121ஐ மகளுக்கும் மருமகனுக்கும் கொடுத்தேன். அவர்கள் மட்டக்களப்புக்குப் போனார்கள்.

கலியாணத்தன்று மெரின் அந்தக் காரில்தான் கோயிலுக்குப் போனாள். அப்பா வரவேண்டிய இடத்தில் என் தம்பி கையைப் பிடித்துக் கூட்டிப்போனான். எட்வின் முழுவதையும் போனில் பார்த்தார். போனைப் பிடித்திருந்த மச்சாளின் கை ஆடியதால் பாதி நேரம் கோயில் கூரைதான் தெரிந்ததாம்.

எல்லோரும் போனபிறகு, வழக்கம்போல, "காரை ஸ்ரார்ட் பண்ணும், கேப்பம்" என்றார்.

"பண்ணியாச்சு."

"கேக்கேல்லை. போனைக் கிட்டப் பிடியும்."

"பொனட்டிலதான் வச்சிருக்கிறன். இது சத்தம் போடாது எட்வின். நீங்கள்தானே அனுப்பினனீங்கள்."

"ஓம், ஓம். பற்றறியில எழும்புற கார்." சிரிக்கப் பார்த்தார். "மறந்துபோனன்."

அதற்குப் பிறகு அவர் இஞ்சினைக் கேட்கவில்லை.

பிறகு நாட்டில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். அதன்பின் பெற்றோல் வரிசை வந்தது. காலையில் போய்க் காரை வரிசையில் விட்டால் பொழுதுபட்டாலும் நகராது. நானும் நஸீமா ரீச்சரும் சோற்றுப் பார்சலோடு உள்ளே இருப்போம். எட்வின் போனில் கூட இருப்பார். ஒரு நாள் உச்சி வெயிலில் சொன்னார்:

"தடையை எடுக்கட்டும் ஜெசி. இதைவிடப் புதுசு ஒண்டு பாத்து வச்சிருக்கிறன். பெற்றோல் இன்னும் குறையக் குடிக்கும்."

எனக்கு என்ன நடந்ததென்று தெரியவில்லை. பக்கத்தில் நஸீமா ரீச்சர் இருக்கிறார், கண்ணாடி இறக்கியிருக்கிறது, முன்னும் பின்னும் ஆட்கள். கத்திவிட்டேன்.

"எனக்குக் கார் வேண்டாம்! இனி ஒரு காரும் அனுப்பாதேங்கோ. நீங்கள் வாங்கோ. ஏலாதெண்டால் ஏலாதெண்டு சொல்லுங்கோ!"

அவர் போனை வைத்துவிட்டார்.

நஸீமா ரீச்சர் என் மடியிலிருந்த சோற்றுப் பார்சலை எடுத்து மடித்துக் கீழே வைத்தார். "நல்லம் புள்ள" என்றார். வழக்கமாக என்னை ரீச்சர் என்றுதான் கூப்பிடுவார். "எப்பவோ சொல்லியிருக்கோணும்."

அடுத்த நாள் அழைப்பு வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. நான் எடுத்தால் மணி அடித்துக்கொண்டே போனது. பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு முன்னால் நின்று, என்ன பாடம் என்பதை மறந்து, பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். கத்தியதால் அவரை இழந்துவிட்டேன் என்றே நினைத்தேன். அதற்காக வருந்தினேனா என்றால், இல்லை. ஆனால் அவருடைய இலக்கத்தை அழுத்துவதை நான் நிறுத்தவில்லை.

சில வாரங்கள் கழித்து, தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது.

"ஜெசி, நான் போய்ச் சொல்லிப்போட்டன்."

"ஆரிட்ட? என்னத்தை?"

"குடிவரவுக் கந்தோரில. விசா இல்லாமல் நிக்கிறனெண்டு. இனி அவங்களே அனுப்புவாங்கள். கொஞ்சம் காலம் எடுக்கும்."

பின்சீற்றில் ஒருவர்

கட்டுநாயக்கவுக்கே திரும்பி வருகிறேன். பின்சீற்றில் அவர் உட்கார்ந்திருக்கிறார்.

"ஏன் பின்னால? முன்னுக்கு வாங்கோ."

அவர் திடுக்கிட்டுச் சுற்றிப் பார்த்தார். "இவ்வளவு நாளும் அங்க குடிவரவுக்காரங்கள் என்னைப் பின்னாலதான் இருத்திக் கொண்டு திரிஞ்சவங்கள்" என்றார். பிறகு காலை மெல்ல வெளியே வைத்து, இறங்கி, முன்னால் வந்து ஏறினார்.

குருநாகலைத் தாண்டினோம். தம்புள்ளையில் தேத்தண்ணி குடித்தோம். "நீங்கள் ஓட்டுறீங்களோ?" என்றேன். "இல்லை, நீர் ஓட்டும்" என்றார். ஹபரணைக் காட்டுக்குள் ரோட்டு நேராகக் கிடந்தது. கண்ணை எடுக்காமல் ஓட்டிக்கொண்டே கேட்டேன்.

"அங்க உங்களுக்கு ஆரும் இருந்ததோ?"

"இல்லை."

தாமதமே இல்லை.

"அப்ப ஏன் இவ்வளவு காலம்?"

இதற்குத் தாமதித்தார். ஒரு பஸ் எதிரே வந்து கடந்துபோனது.

"முதல்ல பிள்ளையின்ர படிப்புக்கு. பிறகு வீட்டுக்கு. பிறகு... வந்தால் இஞ்ச எனக்கு என்ன வேலை இருக்கு எண்டு பயம் வந்திட்டுது. நீர் எல்லாத்தையும் தனியப் பழகிட்டீர். கார் அனுப்பினால் அதைப் பற்றியாவது என்னட்டக் கேப்பீர் எண்டு நினைச்சனான்."

கந்தளாய்க் குளம் வரும்வரைக்கும் எனக்கு ரோட்டு மங்கலாகத்தான் தெரிந்தது.

குரலைக் காணவில்லை

ஆள் வந்துவிட்டார். இனி என்ன குறை என்று எல்லோரும் கேட்டார்கள். எப்படிச் சொல்வேன்?

எட்வின் வீட்டில் கதைக்கவில்லை. கதிரையில் உட்காருவார், எழும்பி முற்றத்துக்குப் போவார், திரும்பி வந்து உட்காருவார். கறி எப்படி என்றால் நல்லம். கால் நோகுதோ என்றால் இல்லை. அலுமாரியைத் திறக்கவும் என்னிடம் கேட்டார். தினமும் ஒரு மணித்தியாலம் என்னோடு கதைத்துச் சிரித்த அந்த மனிதரை, அதே வீட்டில் அவர் இருக்கும்போதே நான் தேடினேன். சில நாள் அவருடைய பழைய குரல் பதிவுகளைக் குசினிக்குள் நின்று மெல்லிய சத்தத்தில் கேட்டிருக்கிறேன்.

நேற்று முன்தினம் நடந்ததுபோல் இருக்கிறது. மூதூரில் பள்ளிக்கூட இடைவேளை. சும்மா, கை போன போக்கில், வீட்டுக்கு அழைத்தேன்.

"ஹலோ ஜெசி! எங்க நிக்கிறீர்?"

அதே குரல்.

"பள்ளிக்கூடத்தில. என்ன செய்யிறீங்கள்?"

"இஞ்ச ஒரு பகிடி கேளும். மான் ரெண்டு கேற்றுக்குள்ள வந்து உம்மட செவ்வரத்தைப் பூ முழுக்கத் திண்டிட்டுது. நான் கலைக்கப் போனன், இந்தக் காலோட. அது என்னைப் பாத்துச் சிரிக்குது."

மான் கதையிலிருந்து காலுக்கு வந்தார். ஜப்பானில் அந்த வாகன முற்றத்தில் ஒரு கார் ஜக்கிலிருந்து நழுவி விழுந்ததாம். காலுக்கு மேலேதான் விழுந்ததாம். ஆஸ்பத்திரிக்குப் போனால் விசா கேட்பார்கள் என்று தானே துணியால் கட்டிக்கொண்டு கிடந்தாராம். நான் பள்ளிக்கூட மரத்தடியில் நின்று கேட்டேன். மணி அடித்தது. நஸீமா ரீச்சர் தூரத்திலிருந்து பார்த்து, "நான் உங்கட வகுப்பைப் பாக்கிறன்" என்று கை காட்டிவிட்டுப் போனார்.

பின்னேரம் வரும் வழியில் நஸீமா ரீச்சர் கிண்ணியாவில் தன் தங்கை வீட்டில் இறங்கிக்கொண்டார். நான் தனியே பாலம் தாண்டிச் சீனக்குடாப் பக்கம் வந்ததும் காரை ஓரம் கட்டினேன். வீட்டுக்குப் போனால் கதை நின்றுவிடும் என்று பயமாக இருந்தது. துறைமுகத்துத் தண்ணீர் அசைவில்லாமல் கிடந்தது. தூரத்தில் ஒரு கப்பல். திரும்ப அழைத்தேன்.

"எங்க நிக்கிறீர்?"

"சீனக்குடாவில."

"ஏன், கார் நிண்டிட்டோ?"

"கார் நல்லாத்தான் இருக்கு. நீங்கள் கதையுங்கோ."

என்ன நினைத்தாரோ தெரியாது. "நில்லும். நான் வாறன்" என்றார்.

"எப்பிடி வருவீங்கள்?"

"ஓட்டோவில. போனை வைக்காதேயும்."

கேற் பூட்டும் சத்தம் கேட்டது. ஓட்டோக்காரரோடு பேசியது கேட்டது. பிறகு வழி முழுக்க எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். இந்தக் கடை எப்ப வந்தது, அந்தப் புளியமரம் எங்கே போனது, இந்த வளைவில் ஒரு தடவை வேகனின் சில்லு வெடித்தது, அன்றைக்குப் பின்னால் இருந்தவள் பிள்ளைத்தாச்சி, "பேசாமல் இறங்கித் தள்ளினவள் தெரியுமோ" என்று. நான் வீடு இருக்கும் முன்பக்கத்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிவப்பு ஓட்டோ ஒன்று வந்து எதிரே நின்றது. காலை இழுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தார். நான் சொல்லாமலே முன்கதவைத் திறந்து என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். போன் இன்னும் காதில் இருந்தது. பிள்ளைத்தாச்சியின் கதை இன்னும் முடியவில்லை. அவருடைய குரல் எனக்குப் போனிலும் கேட்டது, பக்கத்திலும் கேட்டது.

"போனை வையுங்கோ" என்றேன்.

வைத்தார். கதையை நிறுத்தவில்லை.